மகளின் பங்கு: தீர்ப்பு ஊர் வரை வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. இதற்கான சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. எங்கள் மேலூர்ப் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை. "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அப்புறம் எதுக்குப் பங்கு?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள்.

என் சின்னம்மாவிடம் வாரிசுச் சான்றிதழுக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியாறு பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை. நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

2004-இல் மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை வந்ததால் சென்னைக்குப் போகும் அலைச்சல் தீர்ந்தது, சரி. ஆனால் கீழ்க்கோர்ட்டுகளைத் தாண்டி அங்கே போகும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கை எடுப்பார்கள். அதனால் சாட்சியும் ஆவணமும் கீழ்க்கோர்ட்டிலேயே ஒழுங்காக வைக்க வேண்டும். இதை எளியவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? வாய்மொழியாகப் பாகம் பிரித்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது என்பதையும் அந்த 2020 தீர்ப்பு சொல்கிறது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் இவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். விடுதலைப் பத்திரம் பதியும் முன் பெண்ணைத் தனியே உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். மதுரைக் கிளையின் சொத்துத் தீர்ப்புகளை வாரம் ஒருமுறை உங்கள் நாளிதழ் எளிய தமிழில் வெளியிட்டால் நான் வெட்டி எடுத்து எங்கள் தெருவில் எல்லாருக்கும் கொடுப்பேன்.

ஒரு வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்