சிலிகான் பசை பூசினால் கசிவு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் கார் பராமரிப்பு பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரேக், டயர், வைப்பர் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கதவு வழியாகத் தண்ணீர் வந்தால் பீடிங் (கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) ஓரத்தில் கொஞ்சம் சிலிகான் பசை பூசிவிட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அதை அப்படியே விட மனம் வரவில்லை. ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருபது வயது தாண்டிய கார் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவனும்கூட.

முதலில் அந்தப் பசை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிகான் பசைகளில் பல, காயும்போது வினிகர் வாடை அடிக்கும். வெளியேறுவது அசிட்டிக் அமிலம். பெயின்ட் போன தகட்டில் அது பட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். பழைய காரில் பீடிங் கவ்வியிருக்கும் தகட்டு விளிம்பில்தானே பெயின்ட் முதலில் போகிறது? போதாததற்கு, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் நிற்காது, வேறு பசையும் ஒட்டாது. அடுத்து அங்கே வேலை செய்ய வரும் டிங்கர் அதைச் சுரண்டி எடுத்து முடிப்பதற்குள் உங்களைத் திட்டித் தீர்த்துவிடுவார். இவ்வளவுக்கும் பிறகு கசிவாவது நிற்குமா என்றால், அதுவும் இல்லை. கதவு திறந்து மூடுகிற இடம் அது; பூசிய பசை கொஞ்ச நாளில் கிழிந்துவிடும்.

கதவுப் பீடிங்குகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்படுகின்றன. வெயிலையும் காற்றிலுள்ள ஓசோனையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் வெடிப்பே இல்லாமல் கறுப்பாக, பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். பார்த்து ஏமாறக் கூடாது. அதன் நோய் வெடிப்பு இல்லை, அமுங்கிப்போவது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரப்பர் துண்டை அதன் உயரத்தில் கால் பங்கு அமுக்கி, 70 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 22 மணி நேரம் வைப்போம். வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டு, எவ்வளவு உயரம் திரும்பி வரவில்லை என்று அளப்போம். கதவை மூடி வெயிலில் நிறுத்திய கார், இதே பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தன் பீடிங்குக்கு நடத்திக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து, பீடிங்கில் உள்ளே வெறுமையாக இருக்கும் குழல் பகுதியை விரலால் அழுத்தி விடுங்கள். நல்ல ரப்பர் உடனே எழும்பும். கதவின் விளிம்பு பதிந்த தடம் பள்ளமாக அப்படியே நின்றால் அதன் காலம் முடிந்தது. ஓட்டுநர் பக்கம்தான் முதலில் போகும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் காலும் செருப்பும் உரசுகிற இடம் அது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தகட்டைத் தொடவே இல்லை. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் இப்படிச் செய்து, தளர்ந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். அப்புறம் குழாய்த் தண்ணீர். ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார, இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, தண்ணீர் எங்கே நுழைந்தது என்றே தெரியாமல் போய்விடும். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே போகும்.

கார்பெட் நனைந்தாலே கதவுப் பீடிங்தான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தப்பு. கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே அது வெளியேறிவிடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளில் மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உள்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். தண்ணீரை உள்ளே விடாமல் கீழே திருப்புவது அதன் வேலை. ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது சர்வசாதாரணம். என் நண்பர் ஒருவரின் காரில் ஒரு பட்டறையில் நான்கு கதவுக்கும் பீடிங் மாற்றினார்கள். அடுத்த மழையிலும் பின் இருக்கைக்குக் கீழே குளம். பலகையைக் கழற்றிப் பார்த்தால், உறை பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஏசி ஓடும்போது மட்டும் முன்பக்கம் நனைகிறதென்றால் ஏசியின் வடிகால் குழாயைப் பாருங்கள், கதவை விட்டுவிடுங்கள்.

சரி, பீடிங்தான் போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். பழைய பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கையோடு கொண்டுபோய், வெட்டுமுகத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். தகட்டைக் கவ்வும் வாய், அதற்குள் இருக்கும் உலோகப் பட்டை, குழலின் அளவு, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்ற நான்கும் ஒத்துப்போக வேண்டும். எல்லா காருக்கும் பொருந்தும் என்று மீட்டர் கணக்கில் விற்பதை நான் அறவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழல் பெரிதாக இருந்தால் கதவை அறைந்து மூட வேண்டிவரும். சிறிதாக இருந்தால் மாற்றியும் மாற்றாததுதான். வாங்குவதற்கு முன் கதவை விரியத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பீடிங் போட்டும் பயனில்லை.

மாட்டும்போது இழுக்கக் கூடாது. இந்த வேலையில் நான் பார்த்த குளறுபடிகளில் பாதி இதனால்தான். இழுத்து மாட்டிய ரப்பர் பிறகு சுருங்கும், மூலையில் தூக்கிக்கொள்ளும், இணைப்பில் வாய் திறக்கும். விளிம்பைச் சுத்தம் செய்து, துரு இருந்தால் நீக்கிப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, மூலைகளை முதலில் உட்காரவைத்து, நடுப்பகுதிகளைக் கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். இணைப்பு கீழ்ப்பக்கம் வரட்டும். புதிதில் கதவு மூடக் கடினமாகத்தான் இருக்கும். ரப்பர் படிய நாளாகும். அதற்குள் பூட்டுக் கொக்கியைத் திருகி நகர்த்தாதீர்கள்.

கண்ணாடி ஓடும் சேனலுக்குள் வெல்வெட் போன்ற மெல்லிய இழைப்பூச்சு இருக்கும். அது தேய்ந்தால் கண்ணாடி தடுமாறி ஏறும். பாவம், பழி மோட்டார் மேல் விழும். அங்கே கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் ஊதிப்போய் நொய்ந்துவிடும். சிலிகான் ஸ்பிரே போடலாம். அது ரப்பரைக் கெடுக்காது, பசை போலக் கட்டியாகவும் ஆகாது. முன்கண்ணாடி மட்டும் வேறு கதை. பசையால் ஒட்டிய கண்ணாடியாக இருந்தால் அதற்குரிய ஆளிடமே விடுங்கள்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம் டிக்கி பீடிங். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேயே சுழலும். டிக்கி பீடிங் தளர்ந்திருந்தால் அந்தப் புகை காருக்குள் வரக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நனைந்த கார்பெட்டைக் காயவைத்துக்கொள்ளலாம். இதை அப்படி விட முடியாது. டிக்கியின் உள்விளிம்பில் மெல்லிய தூசிக் கோடு படிந்திருந்தால் காற்று வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டிச் சமாளிக்காமல் உடனே மாற்றுங்கள்.

அடுத்த மழைக்காலக் கட்டுரையில் டிக்கி பீடிங்குக்காவது ஒரு பத்தி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் வைப்பர் பற்றிய பத்தியைச் சுருக்கலாம். அதை எல்லோரும் எப்படியும் மாற்றிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரப்பர் தரப் பரிசோதகர்