வைத்தியர் ஐயாவுக்கும் அன்று உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவியபோது, பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலும் காய்ச்சல் நுழையாத தெரு இல்லை. அப்போது உதவியவர்களுக்கு ஊரார் முறையாக நன்றி சொன்னதே இல்லை. வைத்தியர் ஐயா தம் வைத்தியசாலையை மகளிடம் ஒப்படைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இனியும் தள்ளிப்போடுவது முறையல்ல.

ஐயா, நிலவேம்புக் குடிநீரை வைத்துத்தான் ஊர் உங்களைப் பேசுகிறது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கையும் சம எடை நிறுத்து இடிக்கச் சொல்வீர்கள். அண்டா நீர் நான்கில் ஒரு பங்காக வற்றும்வரை அடுப்படியை விட்டு நகர மாட்டீர்கள். அந்தக் கசப்பை இப்போது நினைத்தாலும் முகம் சுளிக்கிறது. ஆனால், "இது டெங்குவைக் குணமாக்கிவிடும்" என்று நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் முதல் நன்றி அதற்குத்தான். சொல்லியிருந்தால் நம்பியிருப்போம், கேட்ட பணத்தையும் கொடுத்திருப்போம்.

என் அண்ணன் மகளுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிழைத்தோம் என்று மதினி குடிநீர் வாங்க வந்தபோது, நீங்கள் பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தீர்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள், எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்று கேட்டீர்கள். "காய்ச்சல் விடும்போதுதான் இந்த நோயில் பயம். குடிநீர் எங்கும் போகாது, முதலில் தென்காசிக்குக் கொண்டுபோங்கள்" என்று ஆட்டோவையும் நீங்களே கூப்பிட்டீர்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அடுத்து, சுகாதார செவிலியர் அக்காவுக்கு. நாட்டு வைத்தியரிடம் போனவர்களை நீங்கள் ஏசவில்லை. மாலைதோறும் அவர் திண்ணைக்கே வந்து, அன்று காய்ச்சலோடு வந்தவர்களின் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டு போனீர்கள். மறுநாள் காலையில் மருந்தடிப்பவர்கள் அந்தத் தெருவில் நிற்பார்கள். இப்படி இருவரும் ஒத்துப்போவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் இல்லை.

அண்டா தூக்கிய இளைஞர்களுக்கும், விறகு கொடுத்த மரக்கடை அண்ணாச்சிக்கும், குழந்தைகளுக்குக் கருப்பட்டித் துண்டு கொடுத்து ஏமாற்றிக் குடிக்கவைத்த ஆச்சிமாருக்கும் நன்றி.

புதிதாகப் பொறுப்பேற்கும் டாக்டர் அம்மாவுக்கு வாழ்த்துகள். நீங்கள் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்; உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, கொசு முட்டை தொட்டி விளிம்பில் ஒட்டியிருக்கும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தால்தான் குடிநீர் என்று அப்பா எங்களைத் திருப்பி அனுப்புவார். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாத ஊர் இது. வீட்டுக்கு வீடு டிரம் இருக்கிறது, மூடிதான் இல்லை. நீங்களும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். என் வீட்டிலிருந்து வந்தாலும் சரி.

நன்றியுடன்,
மேலத்தெருவாசி ஒருவர்