பிங் வந்தா போதுமா மாப்ளே

மாப்ளே,

மாரியம்மன் நோம்பிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்ட, உன் பங்கையும் சேத்து குண்டன் சாப்ட்டுட்டுப் போனான். அப்பாருக்கு இப்ப தேவலை, நடக்கறாரு. உங்கூட்ல எல்லாரும் சொகந்தானே. சரி, சோலிக்கு வர்றேன்.

திருப்பூர் கம்பெனில ஒருவழியா ஜாபிக்ஸ் போட்டாச்சுடா, சர்வருங்கள எந்நேரமும் கண்காணிக்கற சாஃப்ட்வேரு. அது மட்டும் இல்லீன்னா போன வாரம் ஷிப்மெண்ட் நேரத்துல சாயப்பட்டறை டேட்டாபேஸ் சர்வர் படுத்திருக்கும். டைம்லெஃப்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்குது, டிஸ்க்கு நெறையற வெசைய வெச்சு இன்னும் எத்தன நேரத்துல எடம் தீரும்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. 80 சதம் தாண்டினா கத்துன்னு வெக்கறத விட இது நெம்ப மேலு, ஏன்னா 80ல வருசக்கணக்கா அசையாம நிக்கற டிஸ்க்கும் இருக்குது, 60ல இருந்து ஒரே ராத்திரில ரொம்பிப் போறதும் இருக்குது. தேடிப் பாத்தா சர்வர் குறிப்பு எழுதி வெக்கற லாக் ஃபைலு ரொட்டேட் ஆகாம, அதான் பழசு அழியாம, சேந்து கெடக்குது. பகல்லயே சாவகாசமா சுத்தம் பண்ணிட்டோம்.

இன்னொண்ணு கேளு. பொழுதோட சர்வர் நகர மாட்டீங்குதுன்னு அக்கவுண்ட்ஸ் அண்ணன் தெனமும் சத்தம் போடுவாரு, புது மெஷினுக்குக் கொட்டேஷனே வாங்கிட்டாங்க. கிராஃப்ப பாத்தா 4 கோர் மெஷின்ல லோடு ஆவரேஜ் 12, ஆனா சிபியு பாதிக்கு மேல சும்மா கெடக்குது, டிஸ்க்குக்குக் காத்துக் கெடக்கற நேரம், அதான் ஐஓவெயிட், மட்டும் ஏறி நிக்குது. லினக்ஸ்ல லோடுன்னா சிபியுக்குக் காத்திருக்கறது மட்டுமில்ல, டிஸ்க்குக்குக் காத்துக் கெடக்கறதையும் சேத்துத்தான் எண்ணும். அந்நேரத்துக்குத்தான் பேக்கப் ஓடிட்டிருந்துச்சு, ராத்திரி 2 மணிக்கு மாத்தினோம், அண்ணன் இப்ப என்னையக் கூப்ட்டு டீ வாங்கித் தர்றாரு.

உன் விசயத்துக்கு வர்றேன். ஈரோட்ல அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ ஒத்த ஆளு, நெட்வொர்க்குல இருக்கியான்னு தட்டிப் பாத்து பதில் வந்தா, அதான் பிங் வந்தா, மெஷின் உசுரோட இருக்குதுன்னு விட்டுர்ற. டிஸ்க் ரொம்பி டேட்டாபேஸ் எழுத முடியாம நின்னாலும் பிங் வந்துட்டேதான்டா இருக்கும். அர்த்த ராத்திரில லேப் ரிப்போர்ட்டு தெறக்காம டாக்டர் நிக்கறத நெனச்சா எனக்கு நெசமாவே பயமா இருக்குது.

பெரிய வேலையே இல்ல. ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷின்ல ஜாபிக்ஸ் சர்வர், சாஃப்ட்வேருக்குக் காசு கெடையாது. ஒவ்வொரு மெஷின்லயும் அதோட நெலவரத்தச் சொல்ற ஏஜெண்ட்டுன்னு ஒரு குட்டி புரோகிராமு, உன்ற விண்டோஸுக்கும் இருக்குது. பெருந்துறை கிளைக்கு ஆக்டிவ் முறை வெச்சுக்க, ஏஜெண்ட்டே ஜாபிக்ஸ் சர்வரோட 10051 போர்ட்டுக்கு, அதான் கதவு நம்பர் மாதிரி, கூப்ட்டுச் சொல்லிரும், அங்க ரூட்டர்ல ஒண்ணையும் தொறக்க வேண்டியதில்ல. ஏஜெண்ட் கான்ஃபிக் ஃபைல்ல போடற ஹோஸ்ட்நேமும் ஜாபிக்ஸ் ஸ்கிரீன்ல போடற ஹோஸ்ட் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கோணும், கேப்பிடல் ஸ்மால் மாறினாக்கூட டேட்டா வராது. எதையெல்லாம் அளக்கோணும்னு ரெடியா இருக்கற டெம்ப்ளேட்ட மாட்டிட்டு லேட்டஸ்ட் டேட்டாவுல நம்பர் வருதான்னு பாரு. மெமரில ஃப்ரீ கொறைவா இருக்குதுன்னு பதறாத, லினக்ஸ் மிச்சத்த டிஸ்க்குல படிச்சத வெச்சுக்கற கேஷுக்கு எடுத்துக்கும், அவெய்லபிளத்தான் பாக்கோணும். அலெர்ட்ட மட்டும் கஞ்சத்தனமா வையி, ராத்திரி எந்திரிச்சு ஓட வேண்டியதுக்குத்தான் போனு அடிக்கோணும், மத்தது காலைல பாத்துக்கலாம், எல்லாத்துக்கும் அடிச்சா நீயே சைலண்ட்ல போட்டுருவ, பொறவு நெசமா அடிக்கறப்ப ஆரு கேக்கறது.

ஞாயித்துக்கெழம நானே வர்றேன், உக்காந்து போட்டுரலாம். கிளைல இருந்து 10051 உள்ள வர விடறதுக்கு ஃபயர்வால் பாக்கறவர்கிட்ட இப்பவே சொல்லி வையி, பிஎஸ்கே, அதான் ரெண்டு பக்கமும் முன்னாடியே வெச்சுக்கற ரகசியச் சாவி, போட்டு என்க்ரிப்ட் பண்ணித்தான் அனுப்புவோம்னும் சொல்லிரு, இல்லீன்னா ஒத்துக்க மாட்டாரு.

மச்சான்