இரண்டு பெட்டி டேப்புக்கும் ஒரே எண்ணை ஒட்டி அனுப்பியது பற்றி

வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த நாகசுரம், தவில் கச்சேரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடியில் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்குகள் நனைந்து போயின. அதற்கப்புறம்தான் டேப் லைப்ரரி (ஸ்லாட்டுகளில் அடுக்கிய டேப்புகளைத் தானே எடுத்து டிரைவில் ஏற்றும் இயந்திரம்) வாங்கி, எழுதி நிறைந்த டேப்புகளைத் திருச்சியில் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தோம்.

உங்களிடம் முதலில் வாங்கிய 20 எல்டிஓ-8 வகைக் காந்த நாடா டேப்புகளுக்கு நீங்களேதான் பார்கோடு ஒட்டிக் கொடுத்தீர்கள், 001 முதல் 020 வரை, கடைசியில் எல்8 என்று. அவை நிறைந்து திருச்சிக்குப் போய்விட்டன. போன மாதம் இரண்டாவது பெட்டி வந்தது, அப்படியே ஸ்லாட்டுகளில் போட்டோம். அன்று இரவே காலி டேப் இல்லை என்று சொல்லி பேக்கப் நின்றுவிட்டது. 20 புது டேப் உள்ளே இருக்கும்போது எப்படி இல்லாமல் போகும்? மறுநாள், டிஸ்கில் கெட்டுப்போன ஒரு பழைய தவில் பதிவை மீட்கப் போனால், லைப்ரரி டேப்பை எடுத்து டிரைவில் ஏற்றிவிட்டு இதில் எதுவுமே எழுதப்படவில்லை என்கிறது. வாசித்தவர் இன்று உயிரோடு இல்லை. அந்த அரை நாளும் எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில் டேப்பை வெளியே எடுத்துப் பார்த்தால், இந்தப் பெட்டியிலும் அதே 001 முதல் 020! லைப்ரரி பார்கோடைத்தான் படிக்கும், மென்பொருளும் அந்த எண்ணை வைத்துத்தான் எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று தேடும். திருச்சியில் இருக்கும் டேப்தான் திரும்பி வந்திருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது, அதன் மேல் தப்பே இல்லை.

உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தால் பேனாவால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பேனா எழுத்தை பார்கோடு ரீடர் படிக்குமா? பழைய லேபிள் மேலேயே புதியதை ஒட்டச் சொன்னார் இன்னொருவர். தடிமன் கூடினால் டேப் ஸ்லாட்டிலோ டிரைவிலோ சிக்கிக்கொள்ளும், அது தெரியாமலா டேப் விற்கிறீர்கள்?

இந்த 20 டேப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு, 021 முதல் எண்ணிட்ட வேறு 20 டேப்பை உங்கள் செலவில் அனுப்புங்கள். எங்களைப் போலவே இரண்டு முறை வாங்கியவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள், அவர்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டார்கள். மாசி மகப் பதிவுகள் வரத் தொடங்குவதற்குள் டேப் என் கைக்கு வந்தாக வேண்டும்.