ஆடி மழைக்கு முன்னால் தராசு வேண்டும்: கூடலூர், பந்தலூர் சிக்கிள் குழந்தைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜூன் பிறந்தால் மழைதான். தேவாலா பக்கம் நாள்கணக்கில் வெயிலையே பார்க்க முடியாது. கூலி வேலை நின்றுபோகும், விறகு நனைந்துகிடக்கும். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும், அதோடு சேர்த்துச் சாப்பிட ஒன்றும் இருக்காது. இந்த மாதங்களில்தான் சிக்கிள் என்று நாங்கள் சொல்லும் அரிவாள் செல் ரத்தசோகை நோய் உள்ள குழந்தைகள் ராத்திரியில் கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். குளிர் பட்டாலும், காய்ச்சல் வந்தாலும், உடம்பில் தண்ணீர் வற்றினாலும் இந்த வலி கிளம்பும். பசியும் வலியும் ஒரே மாதங்களில் வருகின்றன. ஒன்று மற்றொன்றை எவ்வளவு தூண்டுகிறது என்று எங்கள் பாடிகளில், அதாவது பழங்குடிக் குடியிருப்புகளில், யாரும் தொடர்ந்து அளந்து பார்க்கவில்லை. அதை அளக்கவும், அளக்கும்போதே குழந்தைகளுக்குச் சத்தான உணவு கொடுக்கவும் உங்களிடம் பணம் கேட்டு இதை எழுதுகிறோம்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் சிலர், ஓய்வுபெற்ற செவிலியர் இருவர், ஒரு குழந்தை மருத்துவர், இந்த நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எட்டுப் பேர். குழுவில் பாதிக்கு மேல் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். குழுவின் சார்பில் எழுதும் நான் இங்கே பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பாடம் நடத்தியவள்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் நாலாம் வகுப்பு, தங்கை ஒன்றாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே அளவு சட்டை. மாதத்தில் ஒரு வாரமாவது பள்ளிக்கு வரமாட்டான். வீட்டில் ஒழுங்காகச் சோறு போடுவதில்லையா என்று அவன் அம்மாவிடம் நான் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "திங்கறான் டீச்சர், ஒடம்புல ஒட்டமாட்டேங்குது" என்றார். ஆஸ்பத்திரியிலும் அவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். நன்றாகச் சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லி ஒரு டானிக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பையனுக்கு சிக்கிள் என்று தெரிய அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆனது. அந்த அம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் உண்மை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஏன் ஒட்டுவதில்லை? நம் உடம்பில் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்கு அந்த அணு கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து, விறைத்து, 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. உடைந்ததற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ராப்பகலாகப் புது அணுக்களைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். குழந்தை சும்மா படுத்திருந்தாலும் உடம்பு உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் உயரமாக வளர எடுத்துக்கொள்ளும் புரதத்தையும் சக்தியையும் இந்தப் பிள்ளை ரத்தம் செய்தே தீர்த்துவிடுகிறது. ஃபோலிக் அமிலம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. துத்தநாகமும் வைட்டமின் டியும் பலருக்குக் குறைவாக இருக்கின்றன. வலி வந்த நாட்களில் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிற அதே அளவு இந்தப் பிள்ளைக்குப் போதாது. போதாத வீட்டில் பிறந்துவிட்டாலோ, சொல்ல வேண்டியதில்லை. உயரம் நின்றுபோகிறது, பூப்படைவது தள்ளிப்போகிறது.

இந்த நோயின் அடையாளம் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது எங்கள் நீலகிரியில்தான். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கள் குழுவில் உள்ள பாட்டி ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "நீங்களும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா, இல்ல என்ன இருந்துச்சுன்னு வந்து சொல்லுவீங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம். ஒவ்வொரு மாதத்து எடையும், ஒவ்வொரு பரிசோதனை முடிவும் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் போகும், அவர்கள் பேசும் பேச்சில் விளக்கத்தோடு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடிகளில் இதைப் பற்றிப் பேசவே பயப்படுகிறார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை. சாபமும் இல்லை. அம்மா, அப்பா இருவரும் இந்த நோய்க்கான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கு நோய் இருக்காது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிச் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை என்று 1954-லேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டனி ஆலிசன் காட்டினார். மலேரியா இருந்த இடங்களில் தலைமுறை தலைமுறையாக மக்களைக் காப்பாற்றிய மரபணு அது. கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பெண்பிள்ளையின் சிக்கிள் பரிசோதனை அட்டையை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. அதனால்தான் எந்தக் குழந்தையின் பெயரையோ படத்தையோ இந்த வேண்டுகோளில் போடவில்லை. நன்கொடை அதிகம் வரும் என்பதற்காகவும் போடமாட்டோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2047-க்குள் இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை நடக்கிறது, அட்டை தருகிறார்கள். வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பல பிள்ளைகளின் வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆனால் நோய் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அட்டை சொல்லும். பிள்ளை வளர்கிறதா என்பதைத் தராசும் உயரப் பலகையும்தான் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் இருக்கும் வரை மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்ற கணக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். சிக்கிள் பிள்ளைகள் வளர்ச்சியில் பின்தங்குவது பள்ளி வயதில்தான் பளிச்சென்று தெரிகிறது. அந்த வயதில் மாதாமாதம் எடை பார்க்க யாரும் இல்லை. நைஜீரியாவின் கானோ நகரில் இதை உணர்ந்து, 5 முதல் 12 வயது வரை உள்ள, மிகவும் மெலிந்துபோன சிக்கிள் குழந்தைகளுக்கு 12 வாரம் நிலக்கடலைப் பசை போன்ற சத்துணவு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் மருத்துவர் இந்த யோசனையைக் கொண்டுவந்தார்.

நாங்கள் பாக்கெட் உணவு வாங்கப்போவதில்லை. கேழ்வரகு, நிலக்கடலை, வெல்லம் சேர்த்த உருண்டையும் தினம் ஒரு முட்டையும் போதும் என்று குழுவில் உள்ள பெண்கள் சொன்னார்கள், மருத்துவரும் ஒப்புக்கொண்டார். பழைய நாளில் பணியர் வீடுகளில் வயல் நண்டும் சிறு மீனும் கீரையும் இருந்தன. காட்டுநாயக்கர் வீடுகளில் கிழங்கும் தேனும் இருந்தன. வயல் பலதும் வாழைக்கும் இஞ்சிக்கும் போய்விட்டது, காட்டுக்குள் போக ஆயிரம் தடை. சோறு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உருண்டையைப் பாடியிலேயே பிடித்தால் அந்தக் கூலியும் அங்கேயே தங்கும். திட்டம் முடிந்த பிறகும் அதை யாராலும் செய்ய முடியும்.

இரும்புச்சத்து பற்றி ஒரு வார்த்தை. ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சிக்கிள் பிள்ளைக்கு அணுக்கள் உடைவதால்தான் சோகை. ரத்தம் அடிக்கடி ஏற்றிய பிள்ளைக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். வேறு சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே இரும்பும் குறைவாக இருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்காமல் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்று சொல்ல முடியாது. பரிசோதனைச் செலவில் பெரும் பங்கு இதற்கும் வைட்டமின் டி, துத்தநாகம் பார்ப்பதற்கும்தான்.

சரி, திட்டம் இதுதான். 5 முதல் 14 வயது வரை 60 குழந்தைகள், 18 மாதம். முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் எடை, உயரம், வலி வந்த நாட்கள், பள்ளிக்கு வராத நாட்கள் மட்டும் குறிப்போம். பிறகு இருபது இருபது பேராக மூன்று பிரிவு, மூன்று மாத இடைவெளியில் ஒவ்வொரு பிரிவுக்கும் உணவு தொடங்கும். எந்தப் பாடி முதலில் என்பதைப் பெற்றோர் முன்னிலையில் குலுக்கிப் போடுவோம். இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பசியோடு இருக்கும் பிள்ளையை அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா என்று நானே எதிர்த்தேன். கடைசியில் இப்படி முடிவானது: எந்தக் கட்டத்திலும் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு வரிசை கிடையாது, அன்றைக்கே உணவும் சிகிச்சையும். உணவு கிடைக்காமல் யாரும் விடுபடமாட்டார்கள். நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கமாட்டோம்.

ஒரு குழந்தைக்கு உணவுச் செலவு ஒரு நாளைக்கு 18 ரூபாய், மாதம் 540. மூன்று பிரிவுக்கும் முறையே 15, 12, 9 மாதம், எல்லாம் சேர்த்து 3,88,800 ரூபாய். பாடிகளிலிருந்தே நாலு இளம்பெண்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்துகிறோம், ஆளுக்கு மாதம் 6,000 வீதம் 4,32,000. இதைக் குறைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். மழையில் அட்டைக்கடியோடு நடந்து போய் எடை பார்ப்பவருக்கு இதற்குக் கீழே கொடுப்பது நியாயம் இல்லை. ஜீப் வாடகை 2,16,000. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, 3,00,000. தராசு, உயரப் பலகை, நாடாக்களுக்கு 45,000. ஆக மொத்தம் 13,81,800 ரூபாய். குழு உறுப்பினர்கள் போட்டதும் பாடிகளில் பத்தும் இருபதுமாகச் சேர்ந்ததுமாக 2,10,000 கையில் இருக்கிறது. மீதி 11,71,800 தேவை. மருத்துவரும் செவிலியரும் சம்பளம் வாங்கவில்லை.

540 ரூபாய் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாத முட்டையும் உருண்டையும். 5,000 கொடுத்தால் ஒரு பிள்ளையின் இரண்டு பரிசோதனைகளும். முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. பணமாக முடியாதவர்கள் கேழ்வரகோ நிலக்கடலையோ மூட்டையாகவும் அனுப்பலாம். வெளிநாட்டுப் பணம் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை, அதனால் அங்கிருந்து அனுப்ப விரும்புபவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் வரும் படிவத்தில் இருக்கிறது. வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர்களுக்கு அனுப்புவோம், அதையே பாடிக் கூட்டத்திலும் வாசிப்போம். ஏதாவது காரணத்தால் நெறிமுறை அனுமதி கிடைக்காமல் போனால், பரிசோதனைக்கு என்று கொடுத்த பணத்தை உங்களைக் கேட்டுத் திருப்பித் தருவோம், அல்லது உணவுக்கு மாற்றுவோம்.

மார்ச்சில் எடை பார்க்கத் தொடங்கினால்தான் மே முடிவதற்குள் மூன்று மாதக் குறிப்பு முடியும், முதல் இருபது பிள்ளைகளுக்கு ஜூன் மழையோடு உணவு தொடங்கும். அதனால் தராசுக்கும் முதல் சுற்றுப் பரிசோதனைக்குமான 1,95,000 ரூபாயைப் பிப்ரவரிக்குள் தனியாக எடுத்துவைக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் பணம் முதலில் அதற்குத்தான் போகும்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்,
கூடலூர், நீலகிரி