செயலாளர் ஆண்டறிக்கை: கைப்பேசியில் நன்றாக இருந்த படம் தாளில் ஏன் தோற்கிறது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்களும், மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாப் பயிற்சியும், காசிமேட்டு விடியற்காலை நடையும் வழக்கம்போல் நடந்தன. விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. இந்த ஆண்டு சங்கம் அதிகம் விவாதித்தது ஒரு கேள்வியை: வீட்டு விசேஷத்துக்கும் சுற்றுலாவுக்கும் மட்டும் படம் எடுப்பவர்கள் ஏன் சுமாரான படத்தோடு நிறைவடைந்துவிடுகிறார்கள்? அக்கறை இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். செயற்குழு அதை ஏற்கவில்லை. குறை கண்ணில் படும் அளவில் அவர்கள் தங்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு.

இது கைப்பேசியோடு வந்த பழக்கமும் அல்ல. 1972-இல் கோடாக் கொண்டுவந்த 110 ஃபிலிமின் நெகட்டிவ் 13×17 மில்லிமீட்டர், 35 எம்.எம். ஃபிலிமின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்குதான். 1982-இல் வந்த டிஸ்க் கேமராவில் அது இன்னும் சுருங்கி 8×11 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தது. சற்றுப் பெரிதாக்கினாலே மணல் தூவியதுபோல் கிரெய்ன் தெரியும். அப்படியும் இரண்டும் உலகம் முழுக்க ஏராளமாக விற்றன. வாங்கியவர்கள் ஆல்பத்தில் ஒட்டியது சின்ன பிரிண்ட். அந்த அளவில் குறை தெரியவில்லை.

இன்று ஆல்பத்தின் இடத்தில் கைப்பேசித் திரை இருக்கிறது. 1080 பிக்சல் அகலமுள்ள திரையை நிமிர்த்திப் பிடித்து, குறுக்குவாட்டில் எடுத்த 12 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் பத்து லட்சம் பிக்சல்) படத்தைப் பார்த்தால், திரையில் தெரிவது 1080×810 பிக்சல்தான். அதாவது ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. லேசான ஆட்டம், தவறிய ஃபோகஸ், இருட்டில் வந்த நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கறை) எல்லாமே அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும். ஆகவே எடுத்த இடத்திலேயே, ஆட்கள் கலைவதற்கு முன், முகத்தில் இரு விரல் வைத்துப் பெரிதாக்கி இமை முடி பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பயிற்சிகளில் உடனடியாகப் பலன் தந்தது இந்த ஒரு பழக்கமே.

அடுத்த இழப்பு அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் குறைந்துவிடும். 4000×3000 படம் 1600×1200 ஆனால், மிஞ்சுவது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. 2023-இல் வந்த எச்டி தெரிவு கொஞ்சம் காப்பாற்றும். முழுதாகக் காப்பாற்றுவது டாகுமென்ட் என்ற வழியில் அனுப்புவது மட்டுமே. குழுவில் வந்த படத்தைச் சேமித்துவிட்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடும் வீடுகள்தான் அதிகம். அழிந்த விவரத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. கூர்மையாக்கித் தரும் செயலிகள் இல்லாத இமையையும் இல்லாத பல்லையும் ஊகித்து வரைகின்றன.

இதன் விலை எப்போது தெரிகிறது என்றால், வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகி, மாலை போட ஒரு படம் தேடும்போது. அகப்படுவது பெரும்பாலும் ஏதோ கல்யாண குரூப் போட்டோவாக இருக்கும். ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்ற 1600 பிக்சல் படத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 160 பிக்சல். முகத்துக்கு 50, 60. சட்டம் போட்ட பெரிய படத்தில் முகம் மட்டும் 4 அங்குலம் அகலம் இருக்குமானால், அங்குலத்துக்கு 200 வீதம் 800 பிக்சல் வேண்டும். மூலக் கோப்பு இருந்தாலும் 150-க்கு மேல் தேறாது. லேபில் எவ்வளவு திறமைசாலி உட்கார்ந்திருந்தாலும் அவர் செய்யக்கூடியது குறைவு. எனவே ஒவ்வொரு உறுப்பினரும் தம் வீட்டுப் பெரியவர்களைத் தனித்தனியாக, மார்பளவில், முகம் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிறையும்படி இப்போதே எடுத்துவைக்க வேண்டும் என்று சங்கம் வேண்டுகிறது. காலை ஒன்பது மணிக்குள் வாசல் நடையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்காரவைத்தால் வேறு விளக்கு எதுவும் தேவையில்லை.

எடுக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவது லென்ஸ் மேல் விரல் எண்ணெய். விளக்குகளைச் சுற்றி ஒளி வழிந்து, படம் முழுக்க வெளுத்துத் தெரிந்தால் காரணம் அதுவே. வியர்வை படிந்த கைக்குட்டையோ முந்தானையோ எண்ணெயை இழுத்துப் பரப்பும். மூக்குக் கண்ணாடிக்குத் தரும் மைக்ரோஃபைபர் துணி போதும். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக மெரினாவில் இறங்கினால் லென்ஸில் பனி பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் தானாக விலகும்.

இரண்டாவது ஜூம். இரு விரலால் விரிக்கும் ஜூம் வெறும் வெட்டுதான்: 12 மெகாபிக்சல் படம் இரு மடங்கில் 3 ஆகவும், நான்கு மடங்கில் ஒன்றுக்குக் கீழேயும் இறங்கும். தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் தனி டெலி லென்ஸ் உள்ள கைப்பேசிகளும் வெளிச்சம் குறைந்தால் பல நேரம் அதை விட்டுவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டித் தருகின்றன. இரண்டடி முன்னே நடப்பது நல்லது.

கல்யாண மண்டபம் தனிப் பாடம். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை எரியும்போது கேமரா அந்த வெளிச்சத்துக்கு அளந்துகொண்டு முகங்களைக் கறுக்கவைக்கும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் ப்ரோ மோடில் (அளவுகளை நாமே அமைக்கும் முறை) ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வையுங்கள். ஓடும் குழந்தைக்கு 1/250 வேண்டும். ஆட்டோ மோடில் விட்டால் கைப்பேசி 1/15 வரை இறங்கிக் குழந்தையைக் கலைத்துவிடும். அரக்குச் சிவப்புப் பட்டில் சிவப்பு நிறப் பதிவு மற்ற நிறங்களுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுவதால் நெசவு மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மிஞ்சும், எக்ஸ்போஷரை −0.7 அளவுக்குக் குறைத்தால் ஜரிகையும் பிழைக்கும். போர்ட்ரெய்ட் மோட் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும். பியூட்டி ஃபில்டரைப் புதுக் கைப்பேசி வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களை ஒட்டி உச்சிவேளையில் எடுத்தால் கண்குழி கறுத்துவிடும். போர்ட்டிகோவின் நிழல் விளிம்புக்கு ஆளை நகர்த்துங்கள்.

படம் சரியில்லை என்று தெரிந்தவர்கள் உடனே கேமரா வாங்குகிறார்கள். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். பெட்டியோடு வரும் 18-55 எம்.எம். ஜூம் லென்ஸ் 55-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும்; கைப்பேசி எஃப்/1.8 (எஃப் எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் நுழையும்). ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக இருப்பதன் ஆதாயத்தில் பெரும்பகுதி மண்டப வெளிச்சத்தில் அங்கேயே கரைந்துவிடும். வாங்கியவர் ஏமாந்து, கேமராவை அலமாரியில் வைத்துவிடுவார். அதே கேமராவில் 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் நிலைமை மாறிவிடும். அலமாரியில் வைப்பவர்களுக்கு இன்னொன்று: நம் கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று சிறிய ஹைக்ரோமீட்டரில் பாருங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால் மாறியதும் சூடாக்கிக் காயவையுங்கள். தோல் உறையில் வைக்கவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பிரிண்ட் போடும்போது தலை வெட்டுப்படுகிறது என்ற புகார் பலரிடமிருந்து வந்தது. லேப் மீது தவறில்லை. கைப்பேசிப் படம் 4:3. 4×6 தாள் 3:2. தாளை நிரப்ப உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயாக வேண்டும். மேலும் கீழும் இடம் விட்டு எடுங்கள். இல்லையென்றால் வெள்ளை ஓரத்தோடு முழுப் படமும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 6×8 தாளில் இந்தச் சிக்கல் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் படத்தை 8×12 அளவில் அச்சிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யப்படும். முழுத் தரத்துக்கு, அங்குலத்துக்கு 300 வீதம், 3600×2400 பிக்சல் தேவை. கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவரலாம், அல்லது டாகுமென்டாக அனுப்பலாம். படமாக அனுப்பியவற்றை அச்சுக்கு எடுத்துக்கொள்ள இயலாது.

இப்படிக்கு,
செயலாளர்