மழை பெய்தது, படலைச் சாத்திவிட்டேன்

காங்கயம் பக்கம்,
பங்குனிக் கடைசி

அன்புள்ள சாந்தி,

பேத்திக்குக் காது குத்திய படங்கள் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன் மாமியார்தான், ஒன்றும் செய்வதற்கில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், அவரே சொல்லிக்கொள்கிறார். பெரியவன் கோவையிலேயே இருக்கிறான். சரோஜா காசிக்குப் போய்வந்ததிலிருந்து எல்லோரையும் ‘குழந்தாய்’ என்று கூப்பிடுகிறாள், என்னையும் சேர்த்து. சரி, நலம் விசாரித்தாகிவிட்டது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் கோடை மழை பெய்தது. இடியும் மின்னலுமாக ஒரு சாயங்காலம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. தை மாதத்திலிருந்து காய்ந்து கிடந்த எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் இரண்டொரு நாளிலேயே புல் தூரெல்லாம் பச்சை ஊசியாக எட்டிப் பார்த்தது. ஊரே மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டது. நான் உள்ளே நின்ற மாடுகளை வெளியே ஓட்டி, படலைச் சாத்தி, பூட்டும் போட்டுவிட்டேன்.

அவ்வளவுதான், பிடித்தது சனியன். “மழை பேஞ்சதுக்கப்புறம் மாட்டைப் பட்டினி போடறவளை இந்த வயசுலதான் பார்க்கறேன்” என்று அத்தை திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே ஒலிபரப்பு செய்கிறார். இவர் வாயைத் திறக்காமல் பூட்டையே பார்க்கிறார். கொழுந்தனார் சங்கதி தனி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீ தாவரவியலில் என்னைவிட மார்க் வாங்கியவள், அதனால் உன்னிடமாவது நியாயம் கேட்கலாம். எங்கள் காடு உனக்குத் தெரியும். கிளுவை வேலியில் மாட்டி உன் புதுத் தாவணி கிழிந்து, ஆத்தாவுக்குப் பயந்து இருட்டும்வரை வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தாயே, அதே காடுதான். செம்மண்ணும் சரளையுமாக இருக்கிற பூமி. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். அந்த மழையில் முழங்காலுக்கு மேல் எழும்புகிற கொழுக்கட்டைப்புல்தான் தை முதல் வைகாசிவரை மாட்டுக்குச் சோறு. வெட்டி அடுக்க வேண்டியதில்லை, நின்றபடியே காய்ந்து அங்கேயே இருக்கும். சுற்றிலும் உயிர்வேலி இருப்பதால் மேய்க்க ஆளும் வேண்டாம். மாட்டை விட்டுப் படலைச் சாத்தினால் போதும், ராத்திரிகூட உள்ளேயே கிடக்கும்.

மழைக்குப் பிறகு வருகிற முதல் துளிர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார். அது இன்று வெயிலில் சமைத்த சாப்பாட்டில் வந்ததில்லை. போன கார்த்திகையில் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு செய்துதான் புல் அந்த ஊசியை வெளியே அனுப்புகிறது. இலை விரிந்த பிறகுதான் சேமிப்பு திரும்ப ஏறும். அதற்குள் மாடு அதைக் கடித்துவிட்டால் மறுபடி இருப்பிலிருந்து எடுத்து இன்னொன்றை அனுப்பும். அதையும் கடித்தால் தூர் செத்துப்போகும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் ஒரு மழைக்கு முளைத்து ஒரு வெயிலுக்குக் கருகுகிற சில்லறைப் புல் வரும், அதற்கடுத்து சீமைக்கருவேல் வரும். எங்கள் தெற்குப் பக்கத்துக் காட்டில் இதைக் கண் முன்னால் பார்த்துவிட்டேன். ஒரு காலத்தில் எட்டு வைக்குமிடமெல்லாம் தூர் இருந்த காடு அது. இப்போது ஆட்டுக்குக்கூட ஆகாது.

புல்லுக்காக மட்டும் பூட்டவில்லை, மாட்டுக்காகவும்தான். பச்சை வாசம் மூக்கில் ஏறிவிட்டால் மாடு காய்ந்த புல்லைத் திரும்பிப் பார்க்காது. எங்கள் மயிலைப் பசுவை ஒரு மணி நேரம் பின்தொடர்ந்து பார்த்தேன். தலையைத் தூக்கவே இல்லை. மோந்துகொண்டே போவாள், இங்கே ஒரு ஊசி, அங்கே ஒரு ஊசி, நாக்கைச் சுழற்றி இழுத்தால் பாதிக்கு மேல் மண்தான். முன்பெல்லாம் ஒரு தூருக்கு முன்னால் நின்று, தண்டை ஒதுக்கி இலையை மட்டும் உருவி, நிதானமாக வயிற்றை ரொப்பிக்கொண்டு நிழலுக்கு வந்து அசைபோடுவாள். அன்றைக்குக் காட்டை முழுக்கச் சுற்றிவிட்டு, வயிற்றின் இடது பக்கப் பள்ளம் அப்படியே குழிந்திருக்க, பட்டிக்கு வந்து நின்றாள். பங்குனி முழுக்க இளைக்காத மாடு மழைக்கு அடுத்த வாரம் இளைக்கிறது என்றால் யார் நம்புகிறார்கள்? அத்தைக்குக் கண்ணில் தெரிவது பச்சை மட்டும்தான்.

இப்போது பட்டியில் கட்டி என்ன போடுகிறாய் என்று கேட்பாய். சோளத்தட்டு ஒரு போர் மிச்சம் இருக்கிறது. வடக்கே இருக்கிற காட்டைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறேன், அதில் ஒரு மூலையில் மழை சரியாக விழவில்லை, காய்ந்த புல் அப்படியே நிற்கிறது, பகலில் அங்கே விடுகிறேன். சாயங்காலம் கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. காங்கயத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது, ஆனால் விலை கேட்டால் நெஞ்சடைக்கும்.

அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கு என்று நினைக்காதே. கால்நடை மருத்துவர் ஒருவர் எனக்கு இதை நன்றாகப் புரியவைத்தார். இளசாக இருக்கும்போது கொழுக்கட்டைப்புல்லில் புரதம் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும், காய்ந்து சருகானால் நாலு, ஐந்துக்கு இறங்கிவிடும். ஆனால் மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களுக்குத் தீனியில் ஏழு சதவீதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை சோர்ந்துபோகும், நார் செரிக்காமல் வயிற்றிலேயே தேங்கும், வயிறு நிறைந்திருப்பதால் மாடும் மேயாது. காடு நிறையப் புல் நிற்கும், மாடு எலும்பாகும். கை நிறையப் புண்ணாக்கு போட்டால் அவை பிழைத்துக்கொண்டு சருகையே சோறாக்கிவிடும். இதைச் சாணியிலேயே பார்க்கலாம். புரதம் போதாவிட்டால் சாணி வறண்டு, அடுக்கி வைத்த அதிரசம் மாதிரி மடிப்பு மடிப்பாக விழும். நான் தினமும் காலையில் குச்சியோடு போய்ப் பார்க்கிறேன். சிரிக்காதே, நீ கல்லூரியில் தவளைக் குடலை மேசையில் நீட்டி அளந்தவள்.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சதவீதமெல்லாம் தெரியாது. ஆனால் காட்டுக்குள் வெள்வேலனை வெட்டாமல் விட்டார்கள். வேனலில் புல்லில் சத்து இறங்கும் சமயம் பார்த்து அதன் காய் பழுத்து உதிர்கிறது. காற்றடித்தால் போதும், ஆடுகள் எங்கே இருந்தாலும் மரத்தடிக்கு ஓடிவரும், மாடுகள் பின்னாலேயே பெரிய மனுஷிகள் மாதிரி நடந்து வரும். காய்ந்த புல்லைவிட அந்தக் காயில் புரதம் நிறைய. விதை சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வந்து குப்பைமேட்டில் முளைத்துக் கிடக்கிறது. புல், மரம், வேலி மூன்றையும் ஒன்றாக வைத்தவன் யாரோ, அவன் கெட்டிக்காரன்.

இதை எழுதும்போதுதான் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய எமரால்டு ஊர்ப் படம் நினைவுக்கு வருகிறது. உன் மகன் சுரங்க வேலைக்குப் போகிற வழியில் ரோட்டோரம் கண்ணுக்கெட்டின தூரம் நிற்கிறதே, ‘பஃபல்’ என்று எழுதியிருந்தாயே, அது நம்ம கொழுக்கட்டைப்புல்தான்டி! கதிரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. 1870களில் ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் அடைத்த புல்லாக அந்தத் தேசத்துக்குப் போனதாகச் சொல்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் ‘பிரிகலோ’ என்கிற வேலமரக் காடுகளைப் பெரிய இயந்திரங்களால் சாய்த்துவிட்டு இந்தப் புல்லை விதைத்தார்கள். முதல் சில வருஷம் அமோகமாக வந்தது, பிறகு மண்ணில் தழைச்சத்து சிக்கிக்கொண்டு விளைச்சல் படிப்படியாகக் குறைந்தது. இப்போது புல்லுக்கு நடுவே வரிசை வரிசையாகச் சூபாபுல் என்கிற தீவன மரம் வைக்கிறார்களாம். மரத்தை வெட்டிப் புல் போட்டுவிட்டு, அப்புறம் புல்லுக்குள் மரம்! இந்த வேடிக்கையை அத்தையிடம் சொன்னேன், அன்றைக்கு ஒரு நாள்தான் சிரித்தார். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2015இல் இதைக் களை என்றே அறிவித்துவிட்டார்கள். காய்ந்தால் தீ பிடித்து, அந்த ஊர்ச் செடிகொடியை எல்லாம் எரித்துத் தின்கிறதாம். அவர்கள் கோபம் நியாயம்தான். இங்கே வேலியும் மாடும் சேர்ந்து அடக்கி வைத்திருக்கிற சாது, அங்கே கேட்பாரில்லாமல் திரிகிறது.

உங்கள் பக்கம் மழைக்காலம் முடிந்து இனிமேல்தானே வறட்சி தொடங்கும்? அங்கே மழை விழுந்ததும் மாட்டை உடனே உள்ளே விடுகிறார்களா, அடைத்து வைக்கிறார்களா, புல் எவ்வளவு உயரம் வந்தால் திறக்கிறார்கள்? மகனுடைய சிநேகிதன் வீட்டில் மாடு இருக்கிறது என்றாயே, கேட்டு எழுது. நான் ஒரு சாண் வளர்ந்து, கொஞ்சமாவது கதிர் தள்ளட்டும் என்று வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் சொன்னான் என்றால் இவர் கேட்பார்.

‘நாலு சென்ட்டில் கோ-4 தீவனப்புல் நட்டுவிட்டுப் போயேன்’ என்று நீயும் ஆரம்பிக்காதே. கம்பு நேப்பியர் நல்ல தீனிதான், தண்ணீர் இருக்கிறவர்களுக்கு. எங்கள் போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போய் மூச்சு வாங்குகிறது. வருகிற தண்ணீர் மாடு குடிக்கவே சரியாகிறது. வெயில் காலத்தில் ஒரு மாட்டுக்கு நாற்பது லிட்டர் சாதாரணம்.

வடக்குக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தது எப்படி என்று சொல்லவில்லையே. அந்தக் காட்டுப் பெரியவர் மாட்டையெல்லாம் விற்றுவிட்டார். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள், அவரையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைசியாக ஒரு காரிக்காளையை விற்ற அன்று நானும் சந்தையில் இருந்தேன். கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்து வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து, “காட்டுல மாடு நிக்கட்டும் கண்ணு, வாடகை உன்னால முடிஞ்சதைக் குடு” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை சாந்தி. ஒரு காலத்தில், காங்கயம் மாட்டினத்தை வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டுப் பொலிகாளைக்குப் பசுவை ஓட்டிக்கொண்டு நாள் கணக்கில் நடந்த குடும்பம் அது.

இனி கொழுந்தனார் சங்கதி. சூரிய மின்சாரக் கம்பெனிக்காக ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டை அளந்து பார்த்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குத்தகை, வருஷா வருஷம் பணம், வேலை எதுவும் இல்லை. அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, மாடு அந்தப் பணத்தைத் தராது. ஆனால் வெள்வேலனை ஒன்று விடாமல் வெட்டிவிடுவார்கள், வேலியும் போய்விடும். புல் தூர் ஒருமுறை புரண்டால் திரும்பக் காடாக்க எத்தனை மழை வேண்டும்? நான் பூட்டுப் போட்டதைக் காட்டி, “பாருங்க, மாடே வெளியிலதான் நிக்குது, காடு எதுக்கு?” என்று அத்தையிடம் கேட்கிறார். அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

காடு இன்னும் பாகம் பிரிக்காத சொத்து. அவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா, இல்லை எல்லோரும் போட வேண்டுமா? உன் அண்ணன் முன்பு பத்திரம் எழுதிக்கொண்டிருந்தாரே, அவருடைய போன் நம்பரை உடனே அனுப்பு. தரகர் சித்திரை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனிடம் பேசும்போது நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், உனக்காகக் கேட்பது மாதிரி கேள். உன் அண்ணிக்குக் காதில் விழுந்தால் காங்கயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா இல்லையா? செவலைக் கிடாரி ஒன்று பார்க்க வேண்டும், பல் பார்க்க உன்னைவிட ஆள் கிடையாது.

உன்
மணிமேகலை